காப்புக் கட்டிய சிலிண்டர்

என் தங்கையின் ஹோம்ஸ்டேவுக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று, தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தவள் நான்தான். நெய்யைத் தாராளமாக விட்டேன். முந்திரியை உடைக்காமல் முழுசாகப் போட்டேன். சாப்பிட்டவர்கள், கூடப்பிறந்தவள் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்தக் கேசரியை அடுப்பே இல்லாமல் கிண்டியிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சிரித்த முகமாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆதங்கம், மனவருத்தம் என்று வேறு பெயர் வைத்தால் அது குறைந்துவிடப் போகிறதா? எனக்கு இருந்தது அப்பட்டமான பொறாமை. அதுவும் ஊரில் யார் மீதோ அல்ல, அதே வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவள் மீது.

எங்கள் இரண்டு வீடும் மைசூரில், தேவராஜ மொஹல்லாவை ஒட்டிய ஒரு தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு முதலில் வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சைப் போட்டு மெஸ் ஆரம்பித்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், சாமராஜநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆபீஸ்காரர்கள் என்று மத்தியானத்தில் முன்னறை நிறைந்துவிடும். ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல், ரசம். போர்டு எதுவும் மாட்டவில்லை. ஹனூர் அக்கா மெஸ் எது என்று மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை.

தங்கை சில வருஷம் கழித்து வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை. வாங்குவதற்கு வீடு தேடுகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, எதிர்வீடு விலைக்கு வருகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னதே நான்தான். பக்கத்தில் இருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று நினைத்தேன். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே கடையில் ஒரே துணியில் பாவாடை எடுப்பார்கள். துவைத்த பிறகு என் பாவாடைதான் சாயம் போகும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தன் மகள் படிப்பு முடித்ததும் தங்கைக்கு ஹோம்ஸ்டே யோசனை வந்தது. அரண்மனை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஓட்டலில்தான் தங்க வேண்டுமா, மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறதே என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பது அத்துப்படி. மனுப் போட்டார்கள். சுற்றுலாத் துறையிலிருந்து ஆட்கள் வந்து குளியலறையில் வெந்நீர் வருகிறதா, ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, வாசலில் கேமரா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. அதோடு மாநகராட்சியின் தொழில் லைசென்சும் வாங்கி, இரண்டையும் தன் பெயரிலேயே எடுத்தாள். வாசலில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பளபளவென்று ஒரு போர்டு வந்தது. என் முன்னறை பெஞ்சில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் போர்டு கண்ணில் படும். சாப்பிட வருகிறவர்கள் களியை உருட்டிக்கொண்டே அதை வாசிப்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது காலைச் சாப்பாடுதான்.

தங்குகிறவர்களுக்குக் காலையில் வீட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும். என் தங்கைக்குச் சமையல் வராது. வராது என்றால், செய்வாள், தின்ன முடியாது. ஆகவே இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும் தக்காளிக் குழம்பும் என் அடுப்பில் வெந்து, எவர்சில்வர் தூக்கில் தெருவைத் தாண்டிப் போகும். அங்கே அவள் அதைப் பீங்கான் கிண்ணங்களில் மாற்றி, மேலே கொத்தமல்லித் தழையைத் தூவி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பரிமாறுவாள். டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்கள் அந்தக் கிண்ணங்களைப் படம் பிடித்து, இந்த அம்மாவின் கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று இன்டர்நெட்டில் எழுதுவார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு என் அடுப்படிக்கே வந்து அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்காட்டுவாள். சந்தகை பிழிந்து வீங்கின தோளோடு நான் நின்றுகொண்டு கேட்பேன். அவள் கள்ளங்கபடு இல்லாமல்தான் சொன்னாள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படியானால் இன்னும் மோசம் என்பேன் நான்.

மழைக்காலம் முடியும் நேரத்தில், லைசென்ஸ் இல்லாத சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் தெருவில் வந்தது எனக்கு மட்டும்தான். நானும் மனுப் போட்டேன். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். கன்னடத்தில் அம்மா, அம்மா என்று மரியாதையாகவே பேசிக்கொண்டு என் அடுப்படியில் ஒன்றுவிடாமல் குறை சொன்னார். காஸ் சிலிண்டர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, வெளியே கூண்டில் இருக்க வேண்டும். சுவருக்கு ஆளுயரம் டைல்ஸ் ஒட்ட வேண்டும். சாக்கடைக்கு மூடி வேண்டும். சமையல்கட்டுக்குள் வீட்டு ஆட்கள் புழங்கக் கூடாது, தனி வாசல் வேண்டும். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கி மாட்ட வேண்டும், அதை இயக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தசரா முடிந்து மறுபடி வருவேன், அப்போதும் சரியாக இல்லாவிட்டால் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், தங்கை வந்துவிட்டாள். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, எதுக்கு இத்தனை பாடுபடறே? என்ற வீட்டுக் கீழ் சமையக்கட்டு சும்மாதான கெடக்குது. தனி வாசல் இருக்குது, லைசென்ஸ் இருக்குது. நீ அங்க வந்து ஆக்கு. பேரு யாருதா இருந்தா என்ன, சோறு உன்ற சோறுதான?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு களி கிண்டுகிற துடுப்பை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன். எப்படியும் அந்தச் சுவரை இடிக்க வேண்டியதுதானே.

இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், தங்கச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று மெதுவாக ஆரம்பித்தார். சொந்த ரத்தம், தெருவைத் தாண்டினால் வேலை முடிந்தது, நமக்கும் செலவு மிச்சம் என்றார். அவருக்குப் புரியவைக்க நான் முயலவில்லை. இத்தனை வருஷமாக என் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள், இனி அவள் போர்டுக்குக் கீழே நுழைய வேண்டும். நான் அவள் அடுப்படியில் நின்று சமைக்க வேண்டும். காலையில் டில்லிக்காரர்கள் மெச்சுவது போதாதென்று மத்தியானம் என் மூட்டை தூக்குகிறவர்களும் அவளை மெச்ச வேண்டும். பூட்டுப் போட்டாலும் என் வீட்டுக் கதவுக்கே போடட்டும், அவள் பெயரில் ஒரு கரண்டி மாவுகூடக் கரைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

பக்கவாட்டுச் சுவரை இடித்துத் தனி வாசல் வைத்தோம். டைல்ஸ் ஒட்டினோம். காஸுக்குக் கூண்டு அடித்தோம். மெஸ்ஸை மூடாமலேயே இத்தனையும் நடந்தது. ஒரு பக்கம் கொத்தனார் சுவரைக் கொத்த, மறுபக்கம் நான் களி கிண்டினேன். களியில் சிமெண்டு வாசம் அடிப்பதாக ஒருவர் சொன்னார், அது உடம்புக்கு உறுதி என்றேன். அவரும் சாப்பிட்டு எழுந்தார். கடைசியில் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் தீயணைக்கும் சிலிண்டர் வந்தது. சிவப்பாக, குட்டையாக, தலையில் கறுப்புக் கைப்பிடியோடு இருந்தது. சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்துப்போயிற்று. டைல்ஸையும் கூண்டையும் விட்டால், அந்த அடுப்படியில் என்னுடைய லைசென்சுக்காகவே வந்த பொருள் அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை மைசூரில் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ், லாரி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று, மாலை. ரோடெல்லாம் உடைத்த பூசணி. எங்கள் பிறந்த வீட்டில் அதோடு இன்னொன்றும் உண்டு. பூஜை செய்கிற ஒவ்வொரு சாமானுக்கும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டை முடிந்து காப்புக் கட்டுவார்கள். ஏர், கடப்பாரை, டிராக்டர் ஸ்டியரிங் எதுவானாலும் காப்புண்டு. கட்டின காப்பைத் தீபாவளி அமாவாசை வரை அவிழ்க்கக் கூடாது. சாமானைப் புழங்கலாம், காப்பைத் தொடக் கூடாது. அவிழ்த்தால் அந்தச் சாமானே வீட்டில் இருப்பவர்களைத் தாக்கும் என்பது அப்பாவின் உறுதியான நம்பிக்கை. இன்றைக்கும் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஹனூரிலிருந்து போன் செய்து, காப்புக் கட்டியாயிற்றா என்று கேட்பார். முதலில் தங்கைக்குத்தான் போன் போகும், அப்புறம்தான் எனக்கு.

அந்த வருஷமும் கட்டினேன். கிரைண்டருக்கு, மிக்சிக்கு, சந்தகை பிழிகிற மர அச்சுக்கு, அரிவாள்மணைக்கு, புது காஸ் கூண்டுக்கு. சிவப்பு சிலிண்டருக்குத்தான் விசேஷம். மேலிருந்து கீழ்வரை சந்தனம் பூசினேன். அதன் கழுத்தடியில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியில், பொட்டு வைக்க வாகாக இருந்ததால், பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். சாமந்தி மாலை போட்டேன். கயிற்றைக் கைப்பிடியோடு சேர்த்து நாலைந்து சுற்றுச் சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்டேன். மற்ற சாமான்களுக்கு ஒற்றை முடிச்சு. இதற்கு மட்டும் ஆசையில் மூன்று முடிச்சு.

பிரசாதம் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் கீழறையில் வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, மகளின் லேப்டாப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பூஜை செய்திருந்தாள். வரிசையில் ஒரு சிவப்பு சிலிண்டரும் இருந்தது. சந்தனம், குங்குமம், காப்பு எல்லாம் என்னுடையதைப் போலவே. என் மாலைதான் தடிமன். பல நாளைக்குப் பிறகு அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

விஜயதசமிக்கு மறுநாள் ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இன்னும் ஒரு வாரமாவது கழித்து வருவார் என்று நினைத்திருந்தேன். அவருடைய ஸ்கூட்டரிலும் வாடின சாமந்தி மாலை தொங்கிக்கொண்டிருந்தது, மட்கார்டில் குங்குமம். முதலில் எதிர்வீட்டுக்குள் போனார். அவளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் புது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பார் அடிப்பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவளும் வாசல்வரை வந்து கும்பிட்டாள். பிறகு அவர் தெருவைத் தாண்டினார்.

என் அடுப்படியை அவர் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். டைல்ஸைத் தடவிப் பார்த்தார். சாக்கடை மூடியைக் காலால் மிதித்துப் பார்த்தார். தனி வாசலில் ஒரு தடவை போய், ஒரு தடவை வந்தார். காஸ் கூண்டில் தொங்கின மாவிலையைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முன்னறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டு வந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எதிரே பார்த்தேன். தங்கை மாடிக்குப் போய் அங்கே நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் சிவப்பு சிலிண்டருக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து உற்றுப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கிறதாம். அது பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தால்தான் உள்ளே சரக்கு இருக்கிறதா என்று தெரியுமாம். நான் அதற்குத்தான் பொட்டு வைத்திருந்தேன். சேலைத் தலைப்பால் துடைத்தேன். முள் பச்சையில் இருந்தது. அடுத்து, கைப்பிடியில் ஒரு இரும்புப் பின் இருக்கும், அதை உருவினால்தான் சிலிண்டர் வேலை செய்யும், உருவிக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகிவிடுங்கள் அம்மா என்றார். பின் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நான் போட்ட நாலைந்து சுற்றுக்கும் மூன்று முடிச்சுக்கும் அடியில் அது இருந்தது.

காப்பை அவிழ்க்கக் கூடாது, எங்கள் வழக்கம், தீபாவளி வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். தீ தீபாவளிவரை பொறுக்குமா அம்மா என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அப்படியானால் நீங்களே அவிழ்த்து உருவிப் பாருங்கள் என்றேன். கையை நீட்டினார். மஞ்சள் துண்டுக்கு அருகில் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பூஜை செய்து கட்டினதை நான் தொட மாட்டேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். அவர் ஸ்கூட்டரிலும் மாலை தொங்குகிறதே, அவரைக் குறை சொல்வது எப்படி. ஆனால் பின் வெளியே வராமல் அவரால் சரி என்று எழுதவும் முடியாது. வட்டக் கண்ணாடியையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து அவரும் பார்த்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு நினைவு வந்தது. அவளும் காப்புக் கட்டியிருந்தாளே, என் கண்ணால் பார்த்தேனே, அவள் எப்படித் தப்பித்தாள்? நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் அவளைக் காணவில்லை. அடுத்த நிமிஷம் அவள் வீட்டு வாசலில் தெரிந்தாள். இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். துடைத்துவைத்த மாதிரி சுத்தமான சிலிண்டர். சந்தனமில்லை, பொட்டில்லை, கயிறில்லை. அவள் இரண்டு வாங்கியிருக்கிறாள். ஒன்று சாமிக்கு, ஒன்று இன்ஸ்பெக்டருக்கு.

எனக்கு அந்த நேரத்தில் வந்த ஆத்திரத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே அப்பாவுக்குப் பிறந்து, அதே காப்பை ஒரு வருஷமும் தவறாமல் கட்டி வந்திருக்கிறோம். இப்படி ஒன்று நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. தோன்றினதை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இப்போது குறுக்கே வந்த ஆட்டோவை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு தெருவைத் தாண்டுகிறாள். இன்னும் ஏழெட்டு அடி வைத்தால் என் வாசல். வந்து இதை வைத்தால் இன்ஸ்பெக்டர் பின்னை உருவிப் பார்ப்பார், சரி என்று எழுதுவார், என் அடுப்படி பிழைக்கும். அவள் சிலிண்டரால் பிழைக்கும். அதன் பிறகு நான் எத்தனை வருஷம் களி கிண்டினாலும், அன்றைக்கு மட்டும் நான் ஓடி வரவில்லை என்றால் என்று அவள் சொல்லவேகூட வேண்டாம், அந்தப் பேச்சு இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே இருக்கும். போர்டு அவளுடையது, கிண்ணத்துக்கு வந்த பெயர் அவளுடையது. என்னுடையது என்று இருக்கப்போகிற ஒரே ஒரு லைசென்சும் அவள் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததாகிவிடும்.

வெங்காயம் நறுக்குகிற கத்தி மேடையில் கிடந்தது. எடுத்தேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று என் கையைப் பிடிக்க வந்தார், உதறினேன். அப்பாவை நினைக்கவில்லை, சாமியையும் நினைக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் கத்தியை விட்டு ஒரே இழுப்பு. மஞ்சள் துண்டு தெறித்துப் புது டைல்ஸ் மேல் உருண்டது. பின்னை உருவி இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு, சரி அம்மா, செருகிவிடுங்கள் என்றார். செருகினேன். அவர் கையிலிருந்த தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு மூன்று நாளில் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், உங்கள் பெயரிலேயே வரும் என்றார். போகும்போது கீழே கிடந்த மஞ்சள் துண்டை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார். வாசலில் அவருக்கு வழிவிட்டு நின்றவள் என் தங்கை. அவள் இடுப்பில் அந்த சிலிண்டர் இருந்தது. அவருக்கு அது எதற்கு என்று புரிந்திருக்கும். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் மஞ்சள் துண்டைப் பொறுக்கியெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அறைக்குப் போய்விட்டார். தங்கை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சிலிண்டரை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அறுந்த கயிற்றைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா அறுத்தே? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே."

"நீ குடுத்திருவேன்னு தெரிஞ்சுதான் கேக்கலை," என்றேன்.

சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் சமாதானம் சொல்லத் தயாராகக்கூட நின்றேன். அழுகிறவளுக்குச் சமாதானம் சொன்னால் சொல்கிறவள் கை ஓங்கும், அது எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. சிலிண்டரைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கும் தெரியும். நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் தூக்கீட்டு ஓடியாந்தேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகவும் சொல்லவில்லை. நாளைக்கு எத்தனை பேருக்குச் சந்தகை வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். அக்கா திண்டாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஓடி வந்தாளா, இல்லை அக்கா வாயால் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டு மேலே நிற்க ஓடி வந்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது. அவள் தெருவைத் தாண்டித் தன் வீட்டுப் படியேறிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைசென்ஸ் வந்தது. என் பெயரில்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அடுப்படியில் ஜெயித்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் என் எரிச்சல்.